ஏர் ஃப்ரையரில் சூரை மீன்: முழுசாக வேகவும் வேண்டும், சக்கையாகவும் ஆகக்கூடாது

முத்துநகர் மருமகள், செம்பூர்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம், சொந்த ஊர் தூத்துக்குடி. இந்த மாதக் கடைசியில் என் மாமனார் ஊரிலிருந்து வருகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், எண்ணெயில் முக்கிப் பொரித்தது எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் மாமாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அதிலும் சூரை என்றால் உயிர். கடற்கரைத் தெருவிலேயே வளர்ந்தவர், செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார். அவர் தட்டில் எதையோ ஒன்றைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனமில்லை.

வீட்டில் 4 லிட்டர் ஏர் ஃப்ரையர் இருக்கிறது. கோழிக்கால், சேனைக்கிழங்கு, முழு அயிலை எல்லாம் அதில் நன்றாகவே வருகிறது. அயிலையில் கொழுப்பு இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. சூரை வெறும் சதை, கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் பஞ்சுபோல் ஆகிவிடும் என்று அம்மா சொல்கிறார். வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு அங்குலக் கனத்துக்கு வெட்டி, நடுவில் ரோஸ் நிறம் இருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் மாமா தொடக்கூட மாட்டார்.

மும்பையில் எந்தச் சூரை வாங்குவது, என்ன கனத்தில் வெட்டச் சொல்வது, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், நம் ஊர் மசாலா அந்த அனலில் கருகுமா? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். இன்னொன்று, மேல் வீட்டுக்காரர்கள் சுத்த சைவம். நல்ல மனிதர்கள், வாசனையால் மனக்கசப்பு வரக்கூடாது.

வடாலா பாண்டி

அக்கா, சூரையை இங்கே மராத்தியில் கூப்பா என்பார்கள், மார்க்கெட்டில் அப்படியே கேளுங்கள். முடிந்தால் விடிகாலையில் மீன் இறங்கும் துறைகளான பாவ்சா தக்காவுக்கோ சசூன் டாக்குக்கோ போய்விடுங்கள், ஏலம் முடிந்த கையோடு மீன் கிடைக்கும். சில்லறையாகத் தர மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், ஓரமாக உட்கார்ந்திருக்கும் கோளி மாவ்ஷிகள் (மீனவப் பெண்கள்) ஒரே மீனாகக்கூடக் கொடுப்பார்கள். ஐஸ் போட ஒரு தெர்மோகோல் பெட்டியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சமையல் விஷயத்தை அண்ணாச்சி வந்து சொல்வார்.

தலோஜா அண்ணாச்சி

தங்கச்சி, நான் தலோஜாவில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் சூரைப் பிரிவில் பல வருடம் இருந்தவன். இப்போது வீட்டோடு இருக்கிறேன், ஏர் ஃப்ரையர் என் கையில்தான் ஓடுகிறது. நீ கேட்டதில் பாதிக்கு மேல் பதில் மார்க்கெட்டிலேயே இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சூரை ஓயாமல் நீந்துகிற மீன். அதன் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். பிடித்த உடனே ஐஸில் புதைக்காவிட்டால் அந்தச் சூட்டிலேயே சதை கெடத் தொடங்கும். அதன் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் குளிர்ச்சி இழந்து கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் அப்புறம் 200 டிகிரியில் வறுத்தாலும் போகாது, ஃப்ரீசரில் போட்டாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு அந்தப் படபடப்பை நாம் கொடுக்கவே கூடாது. சில சமயம் நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்று இருக்கும், ஆனால் எப்போதும் அப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது. நாற்றமும் வராமல் இருக்கலாம். ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல் ஐஸைப் பார். மீன் ஐஸுக்கு மேலே படுத்திருக்கிறதா, ஐஸுக்குள்ளே புதைந்திருக்கிறதா? மேலே வெறுமனே அடுக்கி, தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக வைத்திருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடு. மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வெட்டிய சதை கருஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் வெட்டி நேரமாகிவிட்டது. அதே சமயம் தர்பூசணி நிறத்தில் பளிச்சென்று இருக்கும் பாக்கெட் மீனைப் பார்த்து மயங்காதே. கார்பன் மோனாக்சைடு வாயு காட்டிய சூரை உள்ளே பழசானாலும் அந்த நிறம் மாறாமல் நிற்கும். நிறத்தை வைத்து நாள் கணக்குப் போட முடியாது.

இனி, எந்தச் சூரை. இங்கே கூப்பா என்ற ஒரே பெயரில் பலதும் வரும். மார்புத் துடுப்புக்குக் கீழே கறுப்புப் புள்ளிகள் உள்ள சின்னச் சூரை குழம்புக்கு அருமை, ஆனால் சதை கறுப்பு, வாசனை தூக்கல், கனமான துண்டும் விழாது. வயிற்றில் நீளவாக்கில் கோடு ஓடும் வரிச்சூரையும் அப்படித்தான், மாசிக் கருவாட்டுக்குப் பேர்போனது அது. உனக்கு வேண்டியது மஞ்சள் துடுப்பு உள்ள பெரிய மீன், குமரிப் பக்கம் கேரை என்பார்கள். அது கிடைக்காவிட்டால் ஒல்லியாக நீண்ட வாலோடு இருக்கும் கூப்பா, நம் மேற்குக் கரையில் நிறையவே வரும், அதில் பெரிதாகப் பார்த்து எடு.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நேரத்தில் மாமா வந்தால் ஃப்ரோசன் வாங்குவதுதான் நல்லது. இதில் ஒரு எச்சரிக்கை: வேக்குவம் பாக்கெட்டை மூடியபடியே கரைய விடாதே. கத்தரித்துத் திறந்து, தட்டில் வைத்து, மேலே லேசாக மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வை. காற்றில்லாத பாக்கெட்டுக்குள் நஞ்சு உண்டாக்கும் கிருமி ஒன்று இருக்கிறது, காற்று பட்டால் அதற்கு வழியில்லை. மைக்ரோவேவில் கரைக்கவே கூடாது, ஓரம் வெந்து நடு கல்லாக இருக்கும்.

வெட்டுவது. மாவ்ஷி காலுக்கு நடுவே கொய்தாவை (மீன் வெட்டும் அரிவாளை) மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வழக்கமான கைப்பழக்கத்தில் சுரமை (நம் வஞ்சிரம்) போல அரை அங்குலத்துக்கு வட்டம் வட்டமாகத் தள்ளிவிடுவாள். முதல் வெட்டுக்கு முன்பே கட்டைவிரலைப் படுக்கவைத்து இவ்வளவு என்று காட்டிவிடு. ஒரு அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர், அதற்குக் குறைந்தால் ஏர் ஃப்ரையருக்கு வேண்டாம். மெல்லிய துண்டு வெளியே நிறம் ஏறுவதற்குள் உள்ளே காய்ந்துவிடும். முள்ளை ஒட்டி ஓடும் கறுத்த சதையைத் தனியாக எடுத்துத் தரச் சொல். இரும்பு வாடை அதில்தான் அதிகம். தூக்கிப் போடாதே, புளி தூக்கலாகக் குழம்பு வைத்தால் அது தனி ருசி.

வீட்டுக்கு வந்ததும் கழுவி, துணியால் ஒற்றி எடு. சுத்தமாக ஒற்றி எடு. மேலே ஈரம் இருக்கும்வரை அனலெல்லாம் அந்த ஈரத்தைக் காயவைக்கவே போய்விடும், நிறம் வராது. சதை காயாமல் இருக்க நான் செய்வது உப்புத் தண்ணீர்: ஒரு லிட்டருக்கு 50 கிராம் கல்லுப்பு கரைத்து, ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் துண்டுகளை முக்கி எடுப்பேன். உப்பு ஏறிய சதை வேகும்போது தண்ணீரை அவ்வளவாக விடாது. மாமாவுக்கு உப்பையும் குறைக்கச் சொல்லியிருந்தால் இதை விட்டுவிடு, ருசியைவிட அவர் உடம்பு பெரிது.

மசாலா எளிமையாக இருக்கட்டும். மஞ்சள், காஷ்மீரி மிளகாய்த்தூள், நுணுக்கிய மிளகு, சோம்பு கொஞ்சம், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். இதைப் பசைபோல் குழைத்து மீன் மேல் தடவு. எண்ணெய் மீன் மேல் இருக்க வேண்டும், கூடையில் அல்ல. பூண்டு விழுது 200 டிகிரியில் கருகிக் கசக்கும், பூண்டு வேண்டுமென்றால் சாறு மட்டும் பிழிந்து சேர். எலுமிச்சையை முன்னாலேயே பிழிந்து ஊறவைக்காதே, புளிப்பு பட்டே மேல்சதை வெளுத்து இறுகிவிடும். பரிமாறும்போது பிழிந்தால் போதும். கறிவேப்பிலையை மேலே தூவினால் விசிறி தூக்கிக்கொண்டுபோய் மேலே கம்பிச் சுருளில் ஒட்டவைக்கும், அங்கே கருகும். மீனுக்கு அடியில் வை. பட்டர் பேப்பர் போடுகிறவர்கள் வெறும் பேப்பரை வைத்துச் சூடுபண்ணக்கூடாது, அதே காரணம்தான், தீப்பிடிக்கும். நான் பேப்பரே போடுவதில்லை, அது அடியில் காற்றை மறிக்கிறது.

இப்போது நிமிடக் கணக்கு. மீனைப் போடுவதற்கு முன் 200 டிகிரியில் 5 நிமிடம் வெறும் கூடையைச் சூடாக்கு. இதைத் தவிர்க்காதே. கூடை சூடாக இருந்தால்தான் அடிப்பக்கம் உடனே பிடிக்கும், ஒட்டாது. துண்டுகளை இடைவெளி விட்டு வை. 4 நிமிடம் ஆனதும் தட்டையான கரண்டியால் திருப்பு. அப்புறம் 3 நிமிடம். இதில் ஒரு அங்குலத் துண்டு வெந்துவிடும். வீடியோக்காரர்கள் ரோஸ் நிறத்துக்கு மொத்தமாக 4, 5 நிமிடத்தில் எடுக்கிறார்கள், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது வேண்டாம்.

ஆனால் மெஷினுக்கு மெஷின் அனல் வேறுபடும். ஆகவே குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு, விலை அதிகமில்லை. பக்கவாட்டிலிருந்து துண்டின் நடுவுக்குக் குத்து. 60 காட்டினால் எடுத்துத் தட்டில் வைத்து மூடு. உள்ளே இருக்கும் சூட்டில் அதுவே இன்னும் ஏறும். 3 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார், மீன் வெந்தது என்பதற்குச் சொல்லும் அளவு 63. வரவில்லை என்றால் இன்னொரு நிமிடம் உள்ளே வை. 70-ஐத் தாண்டவிட்டால் சதை தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும், நீ பயப்படுகிற பஞ்சு அதுதான். இந்தப் பத்து டிகிரிக்குள்ளேதான் எல்லாம் நடக்கிறது.

வாசனைக்கு ஒரு வழி: எண்ணெய் புகைந்தால்தான் மீன் வாசனை கட்டிடம் முழுக்கப் போகும். இதில் எண்ணெய் குறைவு, அதனால் பாதிப் பிரச்சினை இல்லை. மெஷினின் பின்பக்கத் துவாரம் எக்ஸாஸ்ட் விசிறியைப் பார்த்திருக்கும்படி வை. கூடையை ஆறவிட்டு உடனே புளித்தண்ணீரில் ஊறப்போடு. மீன் வாடைக்குப் புளிப்புதான் எதிரி. கம்பி நார் போட்டுத் தேய்க்காதே. அப்புறம், மெஷின் 1500 வாட் இருந்தால் பெரிய பிளக்கில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம்.

அல்சூர்க்காரன், பெங்களூரு

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, மார்க்கெட் பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டேன். ஆனாலும் சூரைக்கு ஏர் ஃப்ரையர் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிவந்து பழைய இரும்புத் தோசைக்கல்லில் போடுகிறேன். கல் நன்றாகக் காய்ந்ததும் துண்டை வைத்தால் சுர்ரென்று பிடிக்கிற அந்தக் கருநிறம் காற்றில் வராது. எண்ணெயும் ஒரு தேக்கரண்டிதான்.

தலோஜா அண்ணாச்சி

தம்பி, நடுவில் ரோஸாக வேண்டுமென்றால் நீ சொல்வதுதான் சரி. காய்ந்த இரும்பு தொட்ட இடத்தில் அனலை ஒரேயடியாக இறக்கும், காற்றால் அந்த வேகத்தில் முடியாது. அதனால் மேலே நிறமும் உள்ளே பச்சையும் தோசைக்கல்லில்தான் அழகாக வரும். முழுசாக வேகவைக்கும்போது கதை வேறு. கல்லில் நடு வேகும்வரை விட்டால் தொட்ட பக்கம் கட்டியாகிவிடும். ஏர் ஃப்ரையரில் அனல் எல்லாப் பக்கமும் படுவதால் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறைவு. தங்கச்சிக்கு வேண்டியது அது.

காந்திவலி கண்மணி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் மாசமாக இருக்கிறேன், ஐந்தாம் மாதம். சூரை சாப்பிடலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தலோஜா அண்ணாச்சி

மகளே, பெரிய மீன்களில் பாதரசம் சேரும், அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. சூரையில் இனத்துக்கு இனம் அளவு மாறும். பெருங்கண் சூரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்றும், மஞ்சள் துடுப்பு என்றால் வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்றும் அமெரிக்க உணவுத் துறையின் பட்டியல் சொல்கிறது. மீனையே நிறுத்திவிடாதே, மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீனில் பாதரசம் குறைவு, சத்தும் உண்டு. உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

முத்துநகர் மருமகள், செம்பூர்

அண்ணாச்சி, மாமா வருவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிட்டேன். செம்பூர் மார்க்கெட்டில் முதல் கடையில் மீன் பளபளவென்று பலகை மேல் கிடந்தது, நீங்கள் சொன்னபடி தாண்டிப் போய்விட்டேன். உள்ளே ஒரு மாவ்ஷி ஐஸைக் கையால் தோண்டி எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரலைக் காட்டினதும் சிரித்துவிட்டு, இப்படி வெட்டினால் குழம்புக்கு உப்பு பிடிக்காது என்று எச்சரித்துத்தான் வெட்டினார்.

உப்புத் தண்ணீரை விட்டுவிட்டேன், மாமாவுக்கு உப்பும் அளவுதான். 4 நிமிடம், திருப்பி 3 நிமிடம். குத்திப் பார்த்தால் 61. மூடி வைத்து மறுபடி பார்த்தபோது 64. மேலே மிளகு ஒட்டிக்கொண்டு செம்மண் நிறம், விரலால் ஓரத்தை அழுத்தினால் ஏடு ஏடாகப் பிரிந்தது, பிரிந்த இடத்தில் ஈரம் மின்னியது. நடுவில் ரோஸ் இல்லை, லேசான பழுப்பு வெள்ளைதான். என் வீட்டுக்காரர் சோறுகூட வைத்துக்கொள்ளாமல் வெறும் துண்டாகவே சாப்பிட்டார். மேல் வீட்டு அக்கா சாயங்காலம் தயிர் உறைக்கு வந்தார், எதுவும் சொல்லவில்லை.

இரண்டு சந்தேகம் மிச்சம். வால் பக்கத்தில் மெல்லிய துண்டுகள் நிறைய விழுந்தன, அதை என்ன செய்வது? அப்புறம், மாமாவோடு நாத்தனார் குடும்பமும் வருகிறது. கூடையில் இரண்டு துண்டுக்கு மேல் இடம் போதவில்லை, நெருக்கி வைத்தால் என்ன ஆகும்?

நாகர்கோவில்காரி, முலுண்ட்

வால் பக்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன் மக்களே. புட்டு செய்யுங்கள். மஞ்சள், உப்பு போட்டு இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்து, ஆறினதும் முள் பார்த்து உதிர்த்துக்கொள்ளுங்கள். சின்ன உள்ளி கைநிறைய, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் பொடியாக அரிந்து, இரண்டு கரண்டி எண்ணெயில் வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டுத் தீயைக் குறைத்துக் கிளறுங்கள். கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல். சூரை காய்ந்த சதையாக இருப்பது இதற்குத்தான் பொருத்தம், பொலபொலவென்று வரும். இதய நோயாளி என்றால் தேங்காயைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். இரசம் சோற்றுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தலோஜா அண்ணாச்சி

புட்டுக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன்.

நெருக்காதே தங்கச்சி. துண்டும் துண்டும் ஒட்டினால் நடுவில் காற்றுப் போகாது, அந்தப் பக்கம் ஆவியில் வெந்து வெளுப்பாக நிற்கும், நிறமும் வராது. இரண்டிரண்டாக ஈடு போடு. முதல் ஈடு எடுத்ததும் கூடையில் தங்கிய தண்ணீரையும் கருகிய மசாலாவையும் துடைத்துவிடு, இல்லாவிட்டால் இரண்டாம் ஈட்டில் புகை வரும். கூடை ஏற்கெனவே காய்ந்திருப்பதால் இரண்டாம் ஈட்டுக்கு 3 நிமிடம், திருப்பி 3 நிமிடம் என்று பார், தெர்மாமீட்டர் மீதியைச் சொல்லும். காத்திருக்கும் பச்சைத் துண்டுகளை மசாலா தடவி மேடையில் வைத்துவிடாதே. ஒவ்வொரு ஈட்டுக்கும் அப்போதுதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடு. மாமாவுக்கு முதல் ஈட்டிலிருந்து கொடு, மற்றவர்கள் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வார்கள்.